பேசமே முச்சோவை ஆடவைக்க எது சரி: சல்சாவா, சா-சா-சாவா, பச்சாத்தாவா, கும்பியாவா?

மெதுவான லத்தீன் காதல் பாட்டான பொலேரோவில் பழையது ஒன்றை எடுத்து ஆட்டப் பாட்டாக மாற்றலாம் என்று குழுவில் யாராவது வாய் திறந்தால் போதும், "சல்சா பண்ணிடலாம்" என்று இன்னொருவர் உடனே முடித்துவிடுவார். நடன இரவுக்குப் பாட்டு பொறுக்குகிறவர்களும் அப்படித்தான், பாட்டின் பெயரையும் சல்சா என்ற சொல்லையும் சேர்த்துத் தேடி, முதலில் வருவதைப் போட்டுவிடுகிறார்கள். சல்சா கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்துக்கு எது பிடிக்கும் என்பதை மட்டும் பார்த்து எடுக்கிற முடிவில் நல்ல பாட்டுகள் பாழாவதை நிறையக் கேட்டிருக்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது பாட்டைத்தான். எங்கே மூச்சு விடுகிறது, எந்தச் சொல்லில் நின்று இழுக்கிறது, அந்த இழுப்பு எந்தத் தாளத்தில் உயிரோடு இருக்கும். நான் கீபோர்டு வாசிக்கிறவன், அதனால் இடது கை என்ன செய்கிறது என்பதிலிருந்துதான் எனக்கு இதை விளக்க வரும். ஆடுகிறவர்களின் காலும் பெரும்பாலும் அந்த இடது கையைத்தான் கேட்கிறது.

பொலேரோ என்றதும் ஸ்பெயினின் மூன்று எண்ணிக்கை நடனம் சிலருக்கு நினைவுக்கு வரலாம். நாம் பேசுவது அதையல்ல. இது கியூபாவின் சாந்தியாகோ நகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிதாரும் கையுமாகத் திரிந்த பாடகர்களிடம் பிறந்தது. பெப்பே சாஞ்செஸ் என்ற தையற்காரர் 1880களில் இயற்றிய பாடலைத்தான் முதல் பொலேரோ என்று சொல்வது வழக்கம். அங்கிருந்து மெக்சிகோவுக்குப் போய், வானொலியிலும் சினிமாவிலும் ஏறி, லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவியது. 2023இல் கியூபாவும் மெக்சிகோவும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இதை இடம்பெறச் செய்தன. ஆட்டம் இதற்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொலேரோவுக்கு எப்போதுமே ஜோடிகள் ஆடியிருக்கிறார்கள், நெருங்கி நின்று, ஓரடி இடத்துக்குள், மெதுவாக. அரங்கு முழுக்கச் சுழலும் ஆட்டத்துக்கு அதைக் கொண்டுபோவதுதான் நம் கேள்வி.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க மூன்று பாட்டுகளை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவின் கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் 1940 வாக்கில் எழுதிய 'பேசமே முச்சோ', அதாவது 'என்னை நிறைய முத்தமிடு'. பனாமாவின் கார்லோஸ் எலேட்டா அல்மரான் 1955இல் எழுதிய 'இஸ்தோரியா தே உன் அமோர்'. கியூபாவின் மிகேல் மத்தமோரோஸ் 1930 வாக்கில் எழுதிய 'லாக்ரிமாஸ் நேக்ராஸ்'. மூன்றும் பிரிவைப் பற்றியவைதான், ஆனால் மூன்றுக்கும் ஒரே மருந்து செல்லாது.

சல்சாவிலிருந்தே தொடங்குவோம், எல்லோரும் முதலில் போகிற இடம் அதுதானே. பொலேரோ சாதாரணமாக நிமிடத்துக்கு 80 முதல் 100 பீட் ஓடும். சல்சா 160க்கு மேல், 200ஐத் தாண்டியும் ஓடும். அப்படியானால் பாட்டை இரட்டை வேகத்தில் பாட வேண்டுமா? வேண்டாம், இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 90இல் பாடிய பாட்டை 180 சல்சாவில் வைக்கும்போது பாடகர் அதே வேகத்தில்தான் பாடுகிறார், அடியில் தாளம் மட்டும் இரண்டாம் காலத்துக்குப் போய்விடுகிறது. பாட்டு முதல் காலம், தாளம் இரண்டாம் காலம். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும். பாட்டில் ஒரு அளவு, அதாவது நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று, இருந்த இடம் தாளத்தில் இரண்டு அளவாகிவிடும். அதனால்தான் சல்சாவாக்கிய பொலேரோவில் பாடகர் நிதானமாக நிற்பது போலவும் குழு மட்டும் பறப்பது போலவும் ஒரு சுகமான முரண் கிடைக்கிறது. நன்றாகச் செய்தால் அது அபாரமாக இருக்கும்.

நன்றாகச் செய்யாவிட்டால்? பேசமே முச்சோவில் முதல் சொல் நீண்டு நிற்கும். கொஞ்ச தூரத்தில், இன்றிரவுதான் கடைசி இரவு என்பது போல முத்தமிடு என்று கேட்கும் வரி வரும். அந்த வரி திஸ்ரத்தில் நடக்கிறது, அதாவது இரண்டு பீட் இடத்தில் மூன்று சம அளவு ஸ்வரங்கள். அந்த மூன்றும் தாளத்தோடு ஒட்டாமல் மேலே மிதப்பதுதான் பாட்டின் ஏக்கமே. சல்சாவில் அதே மூன்று ஸ்வரம் நான்கு பீட்டுக்குப் பரவும். அடியிலோ கிளாவே ஓடிக்கொண்டிருக்கும், சல்சா முழுவதையும் தாங்குகிற ஐந்து தட்டுத் தாள வடிவம் அது, ஒரு அளவில் மூன்று தட்டு, அடுத்ததில் இரண்டு. கிளாவேயின் மூன்று தட்டுப் பக்கம் ஒரு அளவின் எட்டு அரை பீட்களை 3+3+2 என்று உடைக்கும். கொஞ்ச நேரம் பாடினாலே பாடகரின் வாய் தன்னையறியாமல் கிளாவே பக்கம் சாய்ந்து, சமமான மூன்று 3+3+2 ஆக மாறிவிடும். ஆடுவதற்கு அது நன்றாகவே இருக்கும், சொல் ஒவ்வொன்றும் அடியில் போய் உட்காரும். ஆனால் மிதந்துகொண்டிருந்த வரி நடக்க ஆரம்பித்துவிடும். ஒத்திகையில் எங்கள் பாடகி இதே வரியில் வந்து நின்று, "எனக்கு இங்கே அவசரமே இல்லையே, ஏன் ஓட வைக்கிறீர்கள்" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்.

இடது கைக்கும் சிக்கல் உண்டு. பொலேரோவின் பேஸ் சாதாரணமாக ஒன்று, மூன்று, நான்கு என்ற பீட்களில் விழும், முதல் ஸ்வரம் நீளமாக. சமம், அதாவது முதல் பீட், பளிச்சென்று தெரியும். சல்சாவின் பேஸ் முதல் பீட்டில் பெரும்பாலும் விழாது, முந்தைய அளவின் நான்காவது பீட்டிலேயே அடுத்த கார்டின் ஸ்வரத்தைப் போட்டுவிட்டு ஒன்றைத் தாண்டிப் போகும். சமத்தில் வெறுமை. ஆடுகிறவரை முன்னால் தள்ளுவது அந்த வெறுமைதான். ஆனால் சமத்தில் சாய்ந்து அழுகிற மெட்டுக்கு அடியில் இதைப் போட்டால் சாய்ந்துகொள்ளச் சுவரில்லாமல் போய்விடும்.

அப்புறம் மொந்துனோ. சல்சா என்றால் பாட்டு முடிந்த பிறகு ஒரு திறப்பு வேண்டும், கோஷ்டி ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாட, பாடகர் இடையிடையே கற்பனையாக வரிகள் போட, பித்தளை வாத்தியங்கள் ஏற. ஆடுகிறவர்கள் காத்திருப்பதே அதற்குத்தான். பொலேரோவில் அது கிடையாது, நாம்தான் சேர்க்க வேண்டும். கோஷ்டிக்கு எந்த வரி? பேசமே முச்சோவில் முதல் வரியையே எடுத்துக்கொள்ளலாம், வேண்டுகோள் என்பதால் திரும்பச் சொன்னாலும் பொருந்துகிறது. இஸ்தோரியாவில் அப்படி எளிதாக ஒன்று அகப்படாது. நீ இனி என் பக்கத்தில் இல்லை என்று தொடங்குகிற பாட்டு அது. எலேட்டா அதைத் தன் சகோதரரின் மனைவி இறந்த பிறகு எழுதினார் என்பது தெரிந்த கதை. அந்த வரியைக் கோஷ்டி இருபது தடவை உற்சாகமாகக் கூவுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. துக்கத்துக்கு ஆடக் கூடாது என்பதல்ல, கரீபியன் இசையில் பாதி அதுதான். திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அந்த வரிக்குள் ஏதாவது நகர்வு இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இதை முழுமையாகச் செய்துகாட்டிய பாட்டு ஏற்கனவே இருக்கிறது, லாக்ரிமாஸ் நேக்ராஸ். மத்தமோரோஸ் அதை பொலேரோ-சோன் என்ற வடிவத்தில் அமைத்தார், சோன் என்பது சல்சாவுக்கு வேரான கியூப ஆட்ட இசை. முதல் பாதி பொலேரோ. நீ என்னைக் கைவிட்டாய், என் கனவெல்லாம் செத்தது, ஆனாலும் உன்னைச் சபிக்க மாட்டேன் என்று கருங்கண்ணீரோடு போகிறது. பிறகு தாளம் திறந்து சோனுக்கு மாறுகிற இடத்தில் வார்த்தையும் மாறுகிறது. நீ என்னை விட்டுப் போகப் பார்க்கிறாய், எனக்கு வேதனைப்பட விருப்பமில்லை, செத்தாலும் சரி உன்னோடு வருகிறேன் என்கிறது. அழுதவன் முடிவெடுத்துவிட்டான், ஆகவே கால் எழுந்துவிட்டது. ஆட்டம் அங்கே வெளியிலிருந்து ஒட்டியதல்ல. இந்தப் பாட்டுக்கு எந்தத் தாளம் என்று யோசிக்கவே தேவையில்லை, முதல் பாதியை மெதுவாக விட்டு இரண்டாம் பாதியைத் திறந்தால் போதும், பிரமாதமான சல்சா கிடைக்கும். ஆரம்பத்திலிருந்தே 190இல் அடிக்கிற பதிப்புகளும் இருக்கின்றன. அவற்றில் அந்தத் திருப்பம் காணாமல் போகிறது, பாட்டின் பாதிச் சொத்து அதுதான். கியூபப் பியானோக்காரர் பெபோ வால்தேஸும் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ பாடகர் தியேகோ எல் சிகாலாவும் 2003இல் இதே பெயரில் ஒரு ஆல்பம் தந்தார்கள். அதில் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சரி, சா-சா-சா. 1950களின் தொடக்கத்தில் ஹவானாவில் என்ரிக்கே ஹோரின் என்ற வயலின்காரர் உருவாக்கியது. அப்போது ஓடிக்கொண்டிருந்த தான்சோன்-மாம்போ என்ற நடன இசையின் சிக்கலான இடறல்களில் ஆடுகிறவர்களின் கால் தடுமாறுவதைப் பார்த்து, மெட்டை நேராகப் பீட்டில் விழும்படி எளிமையாக்கினார். பொலேரோவை மாற்ற நினைப்பவருக்கு இதுவே பெரிய உதவி, ஏனென்றால் சொல் தெளிவாகக் கேட்கும். வேகம் நிமிடத்துக்கு 110 முதல் 128 வரை. போட்டி நடனத்தில் 120க்கு மேல்தான் போடுவார்கள், நாம் போட்டிக்குப் போகவில்லையே, 112 போதும்.

கணக்கில் ஒரு விஷயம் மாறுகிறது. இங்கே இரட்டிப்பு கிடையாது, பாட்டின் பீட்டும் தாளத்தின் பீட்டும் ஒன்றே. அதாவது 90இல் பாடியதை 112இல் உண்மையிலேயே கொஞ்சம் வேகமாகப் பாட வேண்டும். ஆனால் திஸ்ரம் திஸ்ரமாகவே இருக்கும், ஏனென்றால் அது இரண்டு பீட்டுக்குள்தான் இன்னும் வருகிறது. காங்கா மேளமும் கூய்ரோ என்ற சுரண்டும் வாத்தியமும் நேராக ஓட, மேலே மூன்று ஸ்வரம் மிதக்க, நான்காவது பீட்டில் கால்கள் சா-சா என்று சுருக்கமாகத் தேய்த்து ஒன்றில் வந்து நிற்க. பேசமே முச்சோவுக்கு என் ஓட்டு இதற்குத்தான். அந்தப் பாட்டில் கெஞ்சலோடு சேர்ந்து ஒரு கொஞ்சலும் இருக்கிறது. சா-சா-சா அந்தக் கொஞ்சலை முன்னால் கொண்டுவருகிறது, ஏக்கத்தை விரட்டுவதில்லை. 1950களில் கியூபாவிலேயே பொலேரோ-சா என்று ஒரு கலப்பு வழக்கத்தில் இருந்தது, ஆகவே இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்த ஒட்டுவேலை இல்லை. நாட் கிங் கோல் 1958இல் வெளியிட்ட ஸ்பானிஷ் ஆல்பத்தில் ஓஸ்வால்தோ ஃபாரெஸின் 'கிசாஸ், கிசாஸ், கிசாஸ்' பாடலைக் கேட்டுப் பாருங்கள், பொலேரோ எவ்வளவு லேசாக ஆட்டத்துக்குள் நகரலாம் என்பது தெரியும். குரல் எங்கேயும் மூச்சுவாங்கவில்லை.

ஒரு குறை உண்டு. சா-சா-சா தெரியாதவர்களுக்கு அந்தச் சின்ன மூன்று அடி முதலில் குழப்பும். ஒன்றில் தொடங்குகிறவர், இரண்டில் தொடங்குகிறவர் என்று தளத்தில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். வேகம் குறைவாக இருந்தால் நான்கைந்து நிமிடத்தில் சரியாகிவிடும்.

பச்சாத்தாவைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பொலேரோவின் சொந்தப் பிள்ளை. டொமினிகன் குடியரசில் சர்வாதிகாரி துருஹியோ 1961 மேயில் கொல்லப்பட்ட பிறகு, 1962இல் ஹோசே மனுவேல் கால்தெரோன் பதிவு செய்த கிதார் பாடல்களை முதல் பச்சாத்தா என்பார்கள். அன்று கேட்டால் அவை கிதார் பொலேரோக்கள்தான். காலப்போக்கில் மராக்காஸ் கிலுகிலுப்பை போய் உலோகத்தாலான சுரண்டும் வாத்தியமான குய்ரா வந்தது, போங்கோ மேளம் துடுக்கானது, வேகம் ஏறியது, முன்கிதார் இடைவிடாமல் பின்னத் தொடங்கியது. அந்த முன்கிதாரை அங்கே ரெக்கிந்தோ என்பார்கள். 1944இல் நியூயார்க்கில் உருவான த்ரியோ லோஸ் பாஞ்சோஸ் குழுவில் அல்ஃப்ரெதோ ஹில் பொலேரோவுக்குள் கொண்டுவந்த சிறு கிதாரின் பெயரும் அதுவே. பச்சாத்தாவை நீண்ட காலம் மதுக்கடைப் பாட்டு, ஏழைகளின் பாட்டு என்று ஒதுக்கி வைத்தார்கள். சாந்தோ தோமிங்கோவில் ரேடியோ குவாராச்சித்தா மாதிரி ஒரு நிலையம்தான் அதை ஒலிபரப்பியது. 1990இல் ஹுவான் லூயிஸ் கெர்ரா 'பச்சாத்தா ரோசா' ஆல்பம் வெளியிட்ட பிறகுதான் கனவான்கள் வீட்டு வரவேற்பறைக்குள் நுழைந்தது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இஸ்தோரியா மாதிரி ஆறுதலே இல்லாத ஒரு பாட்டைப் பச்சாத்தாவில் வைத்தால் யாரும் எதையும் மறைக்கத் தேவையில்லை. கைவிடப்பட்டவனின் பாட்டுக்கு ஆடுவதுதான் அந்த இசையின் வேலையே. பேஸ் மறுபடி ஒன்று, மூன்று, நான்கு என்று பொலேரோ போலவே விழுகிறது, மெட்டுக்குச் சாய்மானம் கிடைக்கிறது. வரி முடிந்து பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் கிதார் பதில் சொல்கிறது, பொலேரோவில் சொன்னது போலவே, கொஞ்சம் கூர்மையாக. மொந்துனோ கட்டாயமில்லை. கிதார் மட்டும் ஒரு சுற்று வந்தால் ஆடுகிறவர்களுக்குத் திறப்பு கிடைத்துவிடும். காலடியும் எளிது, மூன்று அடி பக்கவாட்டில், நான்கில் ஒரு தட்டு அல்லது இடுப்பசைவு. நேற்று வகுப்பில் சேர்ந்தவரும் ஆடலாம்.

ஆனால் பேசமே முச்சோவுக்கு இதையே போட்டால் அந்தக் கொஞ்சல் போய்ப் புலம்பல் மட்டும் மிஞ்சும். பச்சாத்தாக் கிதார் நின்று கேட்காது, இடைவெளியெல்லாம் நிரப்பிவிடும். அந்தப் பாட்டின் முதல் சொல் நீண்டு நிற்கும்போது பின்னால் அமைதி இருந்தால்தான் அழகு. வேகத்திலும் கவனம் வேண்டும். இன்றைய பச்சாத்தா 120, 130 என்று ஓடும், பொலேரோவின் சொற்கள் அதில் நெரிபடும். 110க்குக் கீழே கொண்டுவாருங்கள், ஆடுகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கும்பியாவை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அது வருத்தம். கொலம்பியாவின் கரீபியன் கடற்கரையில் பிறந்து, 1940, 50களில் லூச்சோ பெர்மூதெஸ், பாச்சோ கலான் போன்றவர்களின் பெரிய இசைக்குழுக்கள் வழியாக நகரத்துக்கு வந்து, பிறகு மெக்சிகோ, பெரு, அர்ஜென்டினா என்று ஒவ்வோர் ஊரிலும் ஒரு வேஷம் போட்டுக்கொண்ட தாளம். இதன் வேகம் 85 முதல் 105 வரை. பொலேரோவின் வேகமும் ஏறக்குறைய அதேதான்! பாட்டை வேகமாக்கவும் வேண்டாம், இரட்டிப்பாக்கவும் வேண்டாம், மெட்டை இருக்கிறபடியே தூக்கி வைக்கலாம். பேஸும் ஒன்று, மூன்று, நான்கு. குய்ராவோ குவாச்சராக்காவோ எதுவாக இருந்தாலும் சுரண்டும் சத்தம் ஒரு நீளம் இரண்டு குட்டை என்று ஓட, ஒவ்வொரு பாதி பீட்டிலும் கார்ட் எழும்ப, கால் தானாக அசையும்.

கல்யாணம், பிறந்தநாள் மாதிரி பாட்டியும் பேத்தியும் ஒரே தளத்தில் நிற்கும் இடமென்றால் வேறு யோசிக்காதீர்கள், கும்பியாதான். யாரும் வகுப்புக்குப் போயிருக்கத் தேவையில்லை. இழப்பும் உண்டு. கும்பியாவின் துள்ளல் எல்லாப் பாட்டையும் கொஞ்சம் ஒரே முகமாக்கிவிடும், கனமான கார்ட் மாற்றங்கள் காதில் விழாது. ஐந்து பொலேரோக்களைத் தொடர்ந்து கும்பியாவில் போட்டால் ஐந்தாவதில் எந்தப் பாட்டு என்றே யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒன்று போடுங்கள், போதும்.

டொமினிகன் குடியரசின் வேகமான ஆட்ட இசையான மெரெங்கே பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1980களில் டொமினிகன் மெரெங்கேக் குழுக்கள் கிடைத்த காதல் பாட்டையெல்லாம் தங்கள் தாளத்துக்கு மாற்றித் தள்ளின, சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நிற்காத தம்போரா மேளமும் சாக்ஸபோன் கூட்டமும் இடைவெளி என்பதையே விடுவதில்லை. பொலேரோவிலிருந்து மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடத் தயாரானவர்களுக்கு அது.

குழுவின் அளவையும் மறந்துவிடக் கூடாது. பியானோ, பேஸ், காங்கா, தீம்பாலஸ், போங்கோ, குறைந்தது இரண்டு பித்தளை, கோஷ்டிக்கு இரண்டு குரல், இத்தனை இல்லாமல் சல்சா எடுபடாது. நான்கு பேர் வைத்துக்கொண்டு செய்தால் எலும்பு மட்டும் தெரியும். பச்சாத்தாவுக்கு இரண்டு கிதார், பேஸ், போங்கோ, குய்ரா. சா-சா-சாவுக்குப் பியானோ, பேஸ், காங்கா, கூய்ரோ போதும், ஒரு புல்லாங்குழல் அமைந்துவிட்டால் நிலைமையே வேறு. கும்பியாவை ஒரு கீபோர்டும் இரண்டு தாளவாத்தியமும் வைத்தே ஒப்பேற்றலாம்.

பதிவு செய்த பதிப்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு ஒரு சோதனை. பாட்டின் முதல் நிமிடத்தில் வரி முடியும் இடங்களை மட்டும் கவனியுங்கள். அங்கே ஏதாவது வாத்தியம் பாடகருக்குப் பதில் சொல்கிறதா? பித்தளையோ கிதாரோ பியானோவோ எதுவானாலும் சரி. பதில் இருந்தால் யாரோ உட்கார்ந்து இந்தப் பாட்டுக்காக யோசித்திருக்கிறார்கள். ஒன்றுமே இல்லாமல் தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் பழைய குரலுக்கு அடியில் இயந்திரத் தாளத்தை ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், தாண்டிப் போய்விடுங்கள். அடுத்து, திஸ்ரம் வரும் வரியில் கையைத் தட்டிப் பாருங்கள். மூன்றும் இன்னும் சமமாக இருந்தால் அந்தப் பாடகருக்குப் பொலேரோ தெரியும்.

ஆக என் தேர்வு இதுதான்: பேசமே முச்சோ 112இல் சா-சா-சா, இஸ்தோரியா 108 வாக்கில் பச்சாத்தா, லாக்ரிமாஸ் நேக்ராஸ் முதல் பாதி பொலேரோவாகவே, பிறகு சல்சா. ஒரே இரவில் மூன்றையும் போடுவதென்றால் லாக்ரிமாஸைக் கடைசியில் வையுங்கள், முதல் பாதியில் ஜோடிகள் நெருங்கி ஆடட்டும், தாளம் மாறும்போது தளம் தானாக விரியும். சல்சா தெரியாதவர்கள் ஓரத்துக்கு ஒதுங்கிக் கைதட்டினாலும் கோஷ்டி வரியில் சேர்ந்து பாடலாம், அதற்கு வகுப்பு எதுவும் வேண்டாம்.